நடுமரம் இல்லாத கப்பல்

கண்டி மாநகரைச் சூழ மலைகள் இருக்கின்றன. நகரின் நடுவே வாவி இருக்கிறது. நகரை வளைத்துக்கொண்டு மகாவலி கங்கை ஓடுகிறது. கடல் ஒன்றுதான் இல்லை. கொழும்புத் துறைமுகத்தைக் காண விரும்புவோர் 70 மைலுக்கு மேல் மலையிறங்கிச் செல்லல் வேண்டும். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, மரத்தைச் செதுக்கிச் சிறு கப்பல் ஒன்று செய்து, அதிற் பாய்மரம் நாட்டி, நூலைக் கயிறாக முறுக்கிக் கட்டிப் பார்க்க விரும்பும் ஒருவர் எந்தக் கப்பலைத் தேர்ந்துகொள்வார்?

மாதிரிக் கப்பல் செய்யும் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியிருக்கிறது. அதில் ஈடுபடுவோரிற் பலர் நெல்சன் பிரபுவின் ‘விக்டரி’யையோ, தேயிலை ஏற்றி விரைந்த ‘கட்டி சார்க்’கையோ நாடுவர். அவற்றின் வரைபடங்களும் வெட்டிய மரத்துண்டுகளும் பெட்டிகளில் அடைத்து விற்கப்படுகின்றன. அவை அழகிய கப்பல்களே. ஆயினும் கண்டிக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கண்டிக்கென உரிமை கொண்டாடத்தக்க கப்பல் ஒன்று உண்டு. அக்கப்பல் கண்டியைக் கண்டதில்லை. மலைநாட்டின் நீரிறங்கும் வாயிலில் நங்கூரமிட்டு நின்றதோடு சரி. அதன் பெயர் ‘ஆன்’.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பனியாரின் பணியிலிருந்த இக்கப்பல், 1658ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் தேதி இங்கிலாந்தின் கரையை விட்டுப் புறப்பட்டது. தலைவர் ரொபர்ட் நொக்ஸ். அவருடைய மகன், அதே பெயருடைய இளைஞர், உடன் வந்தார். சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையை நோக்கி வந்து, இந்தியத் துறைகளிடையே ஓராண்டு வாணிகம் நடத்துவது அவர்களுக்கு இடப்பட்ட பணி. அது முடிந்து, தாய்நாடு திரும்பச் சரக்கேற்றிக்கொண்டு மசூலிப்பட்டினத்துக்கு அப்பால் நின்ற வேளையில், 1659 நவம்பர் 19இல் பெரும்புயல் ஒன்று எழுந்தது. பல கப்பல்கள் அழிந்தன. ‘ஆன்’ தப்பியது, தப்புவதற்கு அது கொடுத்த விலை தன் நடுப்பாய்மரம். தலைவரே அதனைத் தளத்தோடு வெட்டித் தள்ளுமாறு செய்தார்.

தன் கப்பலின் மரத்தைத் தானே வெட்டுவதா என்று கேட்போர் வியக்கலாம். மசூலிப்பட்டினத்தில் அக்காலத்துக் கப்பல்கள் நின்றது மூடிய துறைமுகத்தில் அன்று, திறந்த கடலில். புயல் வீசும்போது பாய்கள் சுருட்டப்பட்டிருப்பினும், உயர்ந்த பாய்மரமும் அதன் குறுக்கே கிடக்கும் பருமல்களும் அவற்றைத் தாங்கும் எண்ணற்ற கயிறுகளும் காற்றைப் பிடித்துக் கப்பலைத் தள்ளும். நங்கூரம் நிலத்தைவிட்டு இழுபடத் தொடங்கும். பின்னாற் கரை. அந்நிலையிற் காற்றுப் பிடிக்கும் பரப்பைக் குறைப்பதொன்றே வழி. மூன்று மரங்களில் உயர்ந்ததும் பருத்ததும் நடுமரமே ஆதலின் அதுவே கோடரிக்கு இரையாகும். வெட்டுண்ட மரம் கடலில் வீழ்ந்ததும் அதனைப் பிணித்திருக்கும் கயிறுகளையெல்லாம் நொடியில் அறுத்துவிடல் வேண்டும். இல்லையேல் மிதக்கும் மரம் அலையோடு வந்து கப்பலின் விலாவை இடித்துத் துளைத்துவிடும்.

நடுமரம் இழந்த கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றி இங்கிலாந்து சேர இயலாது. புதிய மரம் நாட்டுவதற்கு அலையடங்கிய நீர் வேண்டும். ஏனெனில், இரு நெடுமரங்களைக் கத்தரிக்கோல்போற் பிணைத்துத் தளத்தின்மேல் நிறுத்தி, அவற்றிற் கப்பிகளைத் தொங்கவிட்டு, பல தொன் எடையுள்ள மரத்தைத் தூக்கி, தளத்திலுள்ள துளை வழியே கப்பலின் அடிவரை மெல்ல இறக்குதல் வேண்டும். கப்பல் ஆடினால் ஆட்கள் நசுங்குவர். ஆதலால் சென்னையிலிருந்த கும்பனி அதிகாரி, இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள கொட்டியாரக் குடாவுக்குச் சென்று மரம் நாட்டிக்கொள்ளுமாறும், அந்த இடைவேளையிற் பரங்கிப்பேட்டை வணிகர் சிலரையும் கொஞ்சம் துணிச்சரக்கையும் ஏற்றிச் சென்று அங்கே வாணிகம் செய்யவிடுமாறும் கட்டளையிட்டார். செலவில்லாமற் காரியம் முடிய வேண்டும் என்ற வணிகர் புத்தி அது.

கொட்டியாரத்தின் கரைகளில் அக்காலத்திற் காடு அடர்ந்திருந்தது. சிங்களத்தில் ஹல்மில்லை என்றும் தமிழிற் சாவண்டலை என்றும் வழங்கும் மரம் அப்பகுதிக்குப் பெயர்போனது. பிற்காலத்து ஆங்கில மரவணிகர் அதனைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். முதிரையும் பாலையும் அங்கே உண்டு. இன்னுமொரு செய்தி கண்டியிலுள்ளோர்க்கு உரியது. கண்டியை வளைத்தோடும் மகாவலி கங்கை மூதூருக்கு அருகே அதே கொட்டியாரக் குடாவிற்றான் கடலோடு கலக்கிறது. ஆகவே ‘ஆன்’ நங்கூரமிட்டிருந்த நாட்களில் அதன் பக்கத்தே வந்து கலந்த நீர், பேராதனையையும் கண்டியையும் கடந்து வந்த நீர்.

அக்குடா அப்போது கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சிக்குட்பட்டது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிவிட்ட காலம். கடல்வழி வருவோரை மன்னன் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. வந்த கப்பலின் தலைவரோ மன்னனுக்குக் கடிதமும் அனுப்பவில்லை, காணிக்கையும் அனுப்பவில்லை. இருபது நாள் வரை யாதொரு தொல்லையும் நேராதது கண்டு மாலுமிகள் அச்சம் நீங்கிக் கரையிற் சென்று உலாவினர். பின்னர் மன்னனின் திசாவை படையோடு வந்தார். தலைவரும் அவருடன் கரையேறியவர்களும் ஒரு புளியமரத்தடியிற் பிடிக்கப்பட்டனர். அடுத்து, பெரும்படகிற் கரைக்கு வந்தோரும் சிக்கினர். மொத்தம் 16 பேர். அது 1660 ஏப்ரல். மூதூரில் 1893ஆம் ஆண்டு நாட்டப்பட்ட நினைவுக்கல் அந்த இடத்தைக் குறிக்கிறது.

கப்பலையும் கைக்கொள்ளத் திசாவை எண்ணினார். அதற்கெனத் தலைவரின் மகனைக் கப்பலுக்குத் தூது அனுப்பச் செய்தார். தந்தை மகனிடம் இரண்டு காரியங்களை இரகசியமாகச் சொன்னார். கப்பலிலுள்ளோர் எவரையும் ஏறவிடாது எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. செய்தியைச் சொல்லிவிட்டு நீ தவறாது திரும்பி வருதல் வேண்டும் என்பது மற்றொன்று. மகன் கப்பலேறினார். பத்தொன்பது வயது இளைஞர். காலடியிற் சொந்தக் கப்பல். எதிரே திறந்த கடல். செய்தியைச் சொன்னார், கயிற்றேணியில் இறங்கினார், தந்தையிடம் திரும்பிவிட்டார். கப்பல் அவர்களை விட்டு அகன்றது. பின்னர் இந்த இளைஞர் எழுதி 1681இல் இலண்டனில் வெளியான நூலே கண்டி இராச்சியத்தின் அக்கால வாழ்வைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பெருஞ்சான்றுகளில் ஒன்று.

இனி மாதிரிக்கு வருவோம். நொக்ஸின் நூலிலுள்ள படங்கள் எல்லாம் நாட்டையும் மக்களையும் பற்றியவை: அரசன், உழவு, யானை, தாழிப்பனை ஓலை. கப்பலைப் பற்றி நூலில் வருவது மிகச் சிறிது. ஆதலால் ‘ஆன்’ கப்பலை அமைப்பவர், அக்காலத்து ஆங்கில வணிகக் கப்பலின் பொதுவிதிகளைக் கொண்டே அமைத்தல் வேண்டும். இத்துறையில் ஆர். சி. அண்டர்சன் என்னும் அறிஞர், 1600 முதல் 1720 வரையுள்ள கப்பல்களின் கயிற்றமைப்பைப் பற்றி 1927இல் வெளியிட்ட நூல் இன்றளவும் மாதிரி செய்வோரின் கைவிளக்காக இருந்து வருகிறது. சுவீடனில் 1628இல் மூழ்கி 1961இல் மேலெடுக்கப்பட்ட ‘வாசா’ என்னும் போர்க்கப்பலிற் பாய்களும் கப்பிகளும் கிடைத்தமையால் அக்காலத்து அமைப்பைக் கண்ணாலும் காண முடிந்தது.

அளவுவிதி எளிதானது. பாய்மரத்தின் நீளம் எத்தனை யாரோ, ஏறக்குறைய அத்தனை அங்குலம் அதன் குறுக்களவு. உதாரணமாக 72 அடி, அதாவது 24 யார் நீளமான நடுமரத்தை எடுத்துக்கொண்டால் அதன் குறுக்களவு 24 அங்குலம். மரத்தை முன்னிருந்து இழுத்துப் பிடிக்கும் பெருங்கயிற்றின் சுற்றளவு அக்குறுக்களவிற் பாதி, 12 அங்குலம். அதாவது ஒரு மனிதனின் முழங்கைக்குக் கீழுள்ள பருமன். மாதிரியை 48இல் ஒரு பங்காகச் செய்தால், 72 அடி மரம் 18 அங்குலமாகும். முன்தாங்கு கயிறு 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நூலாகும். பக்கங்களிலிருந்து மரத்தைத் தாங்கும் கயிறுகள் அதிற் பாதி தடிப்பு. அப்பக்கக் கயிறுகளின் குறுக்கே, மாலுமிகள் மேலேறக் கட்டப்படும் படிக்கயிறுகள் மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழத் தலைமயிரைப்போன்றவை.

இந்நூல்களைக் கடையில் வாங்கி அப்படியே கட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். தையல் நூல் பளபளக்கும். அதிற் பஞ்சு சிலிர்த்து நிற்கும். 48இல் ஒரு பங்கிற் குறைத்துப் பார்க்கும் கண்ணுக்கு அச்சிலிர்ப்பு ஒவ்வொன்றும் கட்டைவிரற் பருமனாகத் தோன்றும். ஆகவே தேர்ந்தவர்கள் லினன் நூலையோ நல்ல பருத்தி நூலையோ தேன்மெழுகிற் பலமுறை இழுத்துச் சிலிர்ப்பை அடக்குவர். தடித்த கயிறுகளைத் தாமே முறுக்குவர். மூன்று கொக்கிகளில் மூன்று புரிகளைக் கட்டி ஒரு பக்கமாய்ச் சுழற்றி, பின் மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாய் முறுகவிடுவர். எதிர்முறுக்கே கயிற்றைப் பிரியாமற் காப்பது. கொச்சிக்கயிறு திரிக்கும் கரையோரப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தைத் தாங்கி அசையாது நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசப்படும் ஆதலின் அவை கரும்பழுப்பு. பாயையும் பருமலையும் இயக்கும் கயிறுகள் சணலின் இயல்பான வெளிறிய நிறம். இரண்டையும் ஒரே நிறமாக்கிய மாதிரியைக் கண்டால், செய்தவர் கப்பலைப் படத்திற் பார்த்திருக்கிறார் என்றே கொள்ளலாம்.

மலைநாட்டிலே கித்துள் மரத்தின் கரிய நார் கிடைக்கிறது. தும்புத்தடிகளுக்கும் வலிய கயிறுகளுக்கும் அது பயன்படுவது. கரிய நிறத்தைக் கண்டு அதனையே தார் பூசிய கயிறாகப் பயன்படுத்தலாம் என்ற ஆசை கண்டியிலுள்ளவர்க்கு எழுவது இயல்பே. ஆனால் குதிரைமயிர்போல் விறைத்த அந்நார் சிறிய முடிச்சுக்கு வளையாது, வளைத்தாலும் அவிழ்ந்துகொள்ளும். மரத்தைப் பொறுத்தமட்டில் கண்டி செல்வமுள்ள இடம். செதுக்க எளிய சப்பு மரம் உண்டு. பாய்மரத்துக்கு நேர்ரேகையுள்ள தேக்குத்துண்டு உண்டு. கயிறிறுக்கும் மும்முனைத் துளைக்கட்டைகளுக்கு, நுணுகிய இழையுள்ள கருங்காலி உண்டு. அக்கட்டைகள் பிற்காலத்தில் முழுவட்டமாயின. 1660ஆம் ஆண்டளவில் அவை சிறிது பேரிக்காய் வடிவினவாகவே இருந்தன. இதுபோன்றதே முன்பாயின் செய்தியும். பிற்காலக் கப்பல்களில் மூக்குமரத்தின்மேல் முக்கோணப் பாய்கள் நிரையாகப் பறக்கும். ‘ஆன்’ போன்ற கப்பல்களில் அவை இல்லை. மூக்குமரத்தின் அடியில் நீரை நோக்கித் தொங்கும் சதுரப்பாய் ஒன்றுதான்.

கப்பற்கயிறுகளுக்குத் தமிழிற் சொல் இல்லையென்று எண்ணுவோர் உளர். பருமல், பாயை உயர்த்தும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுக்கும் தாமான், சுக்கான், அணியம் என்பன கரையோரத்தார் நாவிற் புழங்கியவை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ 1938இல் அவ்வூர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தபோது, அங்கே ஒலித்த கட்டளைச் சொற்களில் இவையும் இருந்திருக்கும். அதுவும் மாதிரி செய்யத்தக்க கப்பலே. ஆனால் அதைப் பற்றிப் பேசப்புகின் மற்றொரு பேச்சாக விரியும்.

கயிறு கட்டுவதில் முறை உண்டு. முதலில் மரத்தைத் தாங்கும் கயிறுகள். பின்பே இயக்கும் கயிறுகள். பக்கக் கயிறுகளை வலம் ஒரு சோடி, இடம் ஒரு சோடி என மாறிமாறி மரத்தின் தலையில் மாட்டுதல் வேண்டும். ஒருபக்கம் முழுவதையும் முதலில் இறுக்கினால் மரம் அப்பக்கம் சாயும். முன்தாங்கு கயிற்றை அளவுக்கு மீறி இழுத்தால் மரம் வில்லாகும். படிக்கயிறுகளைச் சிறிது இறுக்கிவிட்டாலோ நேராக நிற்க வேண்டிய பக்கக் கயிறுகள் நடுவில் ஒடுங்கி உடுக்கையின் இடைபோலாகிவிடும். பக்கத்துக்கு 6 கயிறு, 25 படி என்றால், ஒரு மரத்துக்கு 300 முடிச்சுகள். இடுக்கி முனையில் ஒவ்வொன்றாகப் போடல் வேண்டும். ஓர் இரவில் ஒரு பக்கத்தை முடிக்க நினைப்பவர் மறுநாட்காலை பிரிப்பதற்கே கத்தரிக்கோல் எடுப்பார்.

கண்டியில் இதற்கு மேலும் ஓர் இடர் உண்டு. அந்நகர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரு பருவமழைகளையும் பெறுவது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரம் மிகும். முறுக்கிய பருத்தியும் லினனும் ஈரம்பட்டால் தடித்து நீளங் குறுகும், உலர்ந்தால் தளரும். உண்மைக் கப்பலிலும் இவ்வாறே. மழைக்கு முன் கயிறுகளைத் தளர்த்துவதும் வெயிலில் இறுக்குவதும் மாலுமியின் அன்றாட வேலை. கண்ணாடிப் பெட்டியிலுள்ள கப்பலுக்கு மாலுமி இல்லை. மாசி மாதத்து வறட்சியில் விறைப்பாகக் கட்டப்பட்ட கயிறு ஐப்பசி மழையில் மெல்லிய மேல்மரத்தை வளைத்துவிடும். மெழுகு ஓரளவு காக்கும். சிறிது தளர்வு விட்டுக் கட்டுவதே அறிவு.

ஆனால் ‘ஆன்’ கப்பலை அமைப்பவர் தீர்க்க வேண்டிய பெருங்கேள்வி இவற்றில் எதுவுமன்று. எந்த நாளின் கப்பலை அமைப்பது என்பதே அது. இங்கிலாந்தை விட்ட நாளில் மும்மரமும் பாயும் பொலிய நின்ற கப்பலையா? கொட்டியாரத்திலே நடுமரமின்றி நின்ற கப்பலையா? பெரும்பாலோர் முன்னதையே நாடுவர். காட்சிக்கு அதுவே அழகு. நடுமரம் இல்லாத மாதிரியை வைத்தால், வருகின்றவர்கள், பிள்ளைகள் விளையாடி ஒடித்துவிட்டார்களா என்று கேட்பார்கள். 300 முடிச்சுகளுக்குச் சோம்பி விட்டுவிட்டார் என்று தொழிலறிந்தவர்கள் சிரிப்பதும் உண்டு. இருப்பினும் கண்டிக்குரிய ‘ஆன்’ பின்னதே. அந்த மரம் நின்றிருந்தால் கப்பல் நேரே இங்கிலாந்து சென்றிருக்கும். கொட்டியாரத்தை எட்டியும் பார்த்திராது.

அன்றியும், நடுமரத்தை விலக்கிவிட்டு ஏனைய கயிறுகளைக் கட்டப்புகும்போதே அம்மரம் எத்தனை காரியங்களைச் சுமந்திருந்தது என்பது விளங்கும். பின்மரத்தின் முன்தாங்கு கயிறு நடுமரத்தின் அடியில், தளத்துக்குச் சற்று மேலே கட்டப்படுவது. மரம் தளத்தோடு போனபின் அதற்குப் பிடி இல்லை. முன்மரத்தின் பருமல்களைக் காற்றுக்கேற்பத் திருப்பும் கயிறுகள், நடுமரத்தின் முன்தாங்கு கயிற்றில் தொங்கும் கப்பிகளின் வழியே வருவன. அக்கயிறே போய்விட்டதால் அவற்றுக்கு வழி இல்லை. ஆக, ஒரு மரம் போனதால் மிஞ்சிய இரண்டும் அரைப்பயன் ஆகிவிடுகின்றன. மாதிரி செய்பவர் இங்கே கப்பலோட்டியாகிச் சிந்திக்க வேண்டும்: பின்மரத்தை எந்த வளையத்திற் கட்டலாம்? முன்பருமலின் கயிறுகளை எப்பக்கத்து விளிம்புக்குக் கொண்டுவரலாம்? மசூலிப்பட்டினத்திற் புயல் ஓய்ந்த மறுநாள் மூத்த நொக்ஸின் முன்னிருந்த கேள்விகளே இவை. முழுக்கப்பலை அமைப்பவர் நூலைப் பார்த்துக் கட்டிவிடலாம். ஊனமுற்ற கப்பலை அமைப்பவர்க்கு அது போதாது.

கரையிற் பிடிபட்ட மாலுமிகளின் பின்கதையிலும் கயிறும் நூலும் தொடர்ந்தன. தந்தையும் மகனும் கண்டிக்கு வடக்கே ஏறக்குறைய 30 மைலில் உள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் சிற்றூரில் வைக்கப்பட்டனர். இருவரையும் காய்ச்சல் பற்றியது. 1661 பெப்ரவரியிற் தந்தை இறந்தார். அடக்கம் செய்யத் துணை வேண்டி மகன் ஆளனுப்பினார். ஊரார் மாடு கட்டும் பெருங்கயிறு ஒன்றைக் கொண்டுவந்தனர்; பிணத்தின் கழுத்திற் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்ல அது உதவும், கூலியின்றி வேறு உதவி இல்லை என்றனர். அந்நியர் பிணத்தைத் தொட அஞ்சிய ஊர் அது. அவர்களைக் கொடியர் என்று முடிவு கட்டுவது எளிது, சரியன்று. மகன் அக்கயிற்றை ஏற்கவில்லை. கையிலிருந்த காசில் ஒருவரைக் கூலிக்கமர்த்தித் தந்தையைத் தூக்கிச் சென்று அடக்கம் செய்தார்.

அதன்பின் அவர் மலைநாட்டில் வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்தார், லெகுந்தெனியவில் இருந்தார், இறுதியாகப் பேராதனைக்கு அப்பாலுள்ள எலதெத்தையில் நிலம் வாங்கி வீடு கட்டினார். பிழைப்புக்கு அவரும் தோழர்களும் கைக்கொண்ட தொழில் பருத்தி நூலில் தொப்பி பின்னுதல். கடலில் முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அவர்களுடையவை. தொப்பிகள் விலைபோயின. ஒருநாள் முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியப் பிரதி ஒன்று இருக்கக் கண்டு, நொக்ஸ் தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றார். தொப்பிகளையும் மிளகு, சீப்பு, இரும்புச் சாமான்களையும் சுமந்து ஊரூராய் விற்பவர்போற் சென்றே வடதிசைப் பாதைகளை அறிந்துகொண்டார். 1679 செப்டெம்பர் 22இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழருடன் எலதெத்தையை விட்டுப் புறப்பட்டு, அனுராதபுரத்துக் காடுகளைக் கடந்து, அருவியாற்றங்கரை வழியே தமிழர் வாழ்ந்த வன்னிப் பகுதியினூடாக நடந்து, அக்டோபர் 18ஆந் தேதி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். பத்தொன்பதரை ஆண்டுகளுக்குப் பின் அவர் கண்ட கடல் மன்னார்க் கடல்.

மாதிரியில் இவையெல்லாம் இடம்பெறா. அங்கே இருப்பது கப்பல் மட்டுமே: நங்கூரம் இறக்கியது, பாய்கள் அவிழ்த்து உள்ளே வைக்கப்பட்டவை, முன்மரமும் பின்மரமும் நிற்க நடுவே வெற்றிடம். தளத்திலே மரம் நின்ற துளையைச் சுற்றி வெட்டுண்ட அடிக்கட்டை. விளிம்பின் இருபுறமும் பக்கத்துக்கு ஆறாகத் துளைக்கட்டைகள் அவற்றின் இரும்புப் பட்டைகளில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பட்டைகள் கப்பலின் உடலோடு அறையப்பட்டவை ஆதலின் மரத்தோடு போவதில்லை. அக்கட்டைகளிற் பிணைகயிறுகளின் துண்டுகள் மிஞ்சியிருக்கும். இவற்றைச் செய்யும்போது மட்டும் மெழுகு பூசலாகாது. கத்தரிக்கோலால் நறுக்கினால் முனை சீராக அமைந்துவிடும். கோடரி அவ்வாறு வெட்டுவதில்லை. நூலை மரக்கட்டையின்மேல் வைத்து மழுங்கிய உளியால் ஒரே அடியாக அடித்தல் வேண்டும். புரிகள் விரிந்து, ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் நிற்கும். பன்னிரண்டு கட்டைகளிலும் அவ்வாறு செய்து முடித்தபின் பெட்டியின் கண்ணாடியைப் பொருத்தலாம்.